சாவி என் கையில்தான் இருந்தது

பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை கடந்த திங்கட்கிழமை இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. அந்த வாக்குமூலத்தில் நம்பத் தகுந்தது அவை மட்டும்தான். வயது நாற்பத்து மூன்று. படிப்பு பத்தாம் வகுப்பு. தொழில் சலவைக் கடை, அதில் பாதிப் பங்கு. இன்று யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, முதல் வாக்குமூலத்தில் மூன்று இடங்களில் பொய் சொல்லியிருக்கிறேன், திருத்தி எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டதன் பேரில், உதவி ஆய்வாளர் ஐயா முன்னிலையில், எழுத்தர் எழுத, நான் சொல்வதாவது.

கோபத்தைக் குறைத்துக்கொண்டு நடந்ததை மட்டும் சொல்லும்படி ஐயா சொல்கிறார். நடந்ததைச் சொன்னால் கோபம் வரும். வந்தால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் மேல் புகார் கொடுத்திருப்பவன் என் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அந்தக் காலத்தில் பலமாகத் தும்மினால் விழுந்துவிடுவான் போல இருந்ததால் ஒல்லி என்று பெயர் வைத்தோம். இப்போது அவன் ஏறினால் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, ஆனாலும் பெயர் ஒல்லிதான். அவனுக்கு ஐந்து வயது மூத்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். தாய் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள். என் வீட்டில் அடி வாங்கிய நாட்களில் அவள் சோற்றில் பாதியைத்தான் எனக்கும் போட்டிருக்கிறாள். ஆகவே அவளை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்த வழக்கில் வலது கையில் மூன்று விரல்கள் போனவள் அவள்தான்.

நானும் ஒல்லியும் பதினாறு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தோம். நான் பாய்லர் பார்த்தேன், அவன் துணி வண்டி ஓட்டினான். அந்தக் கூடத்தை மூடி எங்களை வெளியே அனுப்பியபோது அங்கிருந்த இயந்திரங்கள் ஏலத்துக்கு வந்தன. நான் மூன்று லட்சம் போட்டேன், ஒல்லி மூன்று லட்சம் போட்டான். அவன் போட்ட மூன்றில் ஒன்றரை லட்சம் அக்காவுடையது. அவள் வேலை பார்த்த தையல் ஆலை மூடியபோது கைக்கு வந்த பணம் அது. அதன் பிறகு துவைக்கிற டிரம் ஒன்றும், ரோலர் ஒன்றும் ஏலத்தில் எடுத்து, வாடகைக்கு ஒரு கூடம் பிடித்து, விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வாங்கித் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

ரோலர் என்றால் என்ன என்று எழுத்தர் கேட்கிறார். இரண்டு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமுள்ள, சூடாகச் சுற்றும் இரும்பு உருளை. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறு பக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வரும். துணி உள்ளே போகிற வாய்க்கு முன்னால் நீளமாக ஒரு தகடு தொங்கும். விரல் கொஞ்சம் அதிகமாக உள்ளே போனால் அந்தத் தகட்டைத் தள்ளும், தகடு பின்னால் இருக்கும் சுவிட்சை அமுக்கும், ரோலர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கையைக் காப்பாற்றுவதற்கென்று அந்த இயந்திரத்தில் இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான்.

கடை திறப்பதற்கு முதல் நாள் லாப நஷ்டத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பேசினோம். ஒல்லியின் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மரக்கடையைச் சேர்ந்து நடத்தி, கணக்கு நோட்டில் ஒரு வரிக்காகச் சண்டை போட்டு, சாகும்வரை முகத்தைப் பார்த்துக்கொள்ளாதவர்கள். அதனால் ஒல்லி கணக்கு நோட்டே வேண்டாம் என்றான். அவன் சொன்னது இது: "நமக்குள்ள கணக்கு எதுக்குடா? ஒரு வாரம் கடை உன்னுது, ஒரு வாரம் என்னுது. அந்த வாரம் வர்றது அவனுக்கு, ஆகுற செலவும் அவனுக்கு. முடிஞ்சுது." நானும் அதைக் கேட்டுப் பூரித்துப்போய் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இதை அன்றைக்கு யாராவது ஒரு மூன்றாம் ஆள் கேட்டிருந்தால் எங்கள் இருவர் கன்னத்திலும் ஒன்று வைத்திருப்பார். அப்படி யாரும் இல்லை. அக்கா இருந்தாள், ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஏற்பாடு இதுதான். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வாரம் மாறும். சாவி யார் கையில் இருக்கிறதோ அவன் வாரம். வருமானம், கரண்டு, சோப்பு, பழுது, அக்காவின் கூலி எல்லாம் சாவி வைத்திருப்பவன் பொறுப்பு. பன்னிரண்டு மணிக்கு வெளியே போகிறவன் அக்காவுக்கு அந்த வாரக் கூலியைக் கொடுத்துவிட்டு, உள்ளே வருகிறவன் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாரம் கிடைத்தது. ஒன்றரை லட்சம் போட்ட அக்காவுக்கு ஒரு நாள்கூட இல்லை, கூலி மட்டும்தான். அது அப்போது எனக்குத் தவறாகவே படவில்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போயிற்று. அதன் பிறகு ஒரு தடவை டிரம்மின் பெல்ட் என் வாரத்தில் அறுந்தது. செவ்வாய்க்கிழமை அறுந்த பெல்ட் ஞாயிற்றுக்கிழமையே நைந்து போயிருந்தது என்று மெக்கானிக் சொன்னார். அதாவது ஒல்லிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என் தலையில் கட்டியிருக்கிறான். கேட்டதற்கு, தன் வாரத்தில் அறுந்துபோகவில்லையே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. என் வாரம் முடியும்போது சோப்பு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் கொடுப்பேன். அவன் விடுதிக்காரர்களிடம் போன் செய்து, சனிக்கிழமை வர வேண்டிய துணியை ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு அனுப்பச் சொல்வான். நான் எண்ணெய் போட வேண்டியதை ஆறப் போடுவேன். அவன் கழிவறை பல்பைக் கழற்றிக்கொண்டு போவான், அடுத்த வாரம் கொண்டு வந்து மாட்டுவான். ஒரு பல்பு, ஐயா. முப்பத்தைந்து வருட சிநேகிதம். அதன் பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடையில் ஏதாவது உடைகிற சத்தம் கேட்டாலோ மோட்டார் முனகினாலோ, என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்போம். வியாழக்கிழமை மத்தியானம் உடைந்தாலும் பார்ப்போம். யாருடைய வாரம் என்று கடிகாரத்தில் எழுதியா இருக்கிறது? ஆனாலும் பார்ப்போம். அக்கா இதைக் கண்டுபிடித்து, கரண்டி கீழே விழுந்தால்கூட நாங்கள் நிமிர்ந்து பார்க்கிறோம் என்று எங்களைக் கேலி செய்வாள்.

மேற்படி கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிறுகளில் ஒல்லி முள்ளை முன்னால் தள்ளுவான், நான் பின்னால் இழுப்பேன். கடைசியில் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து பேசி, கடைக் கடிகாரம் காட்டுவதே நேரம், வேறெந்த நேரமும் செல்லாது என்று ஒப்புக்கொண்டு, முள் திருப்புகிற குமிழின் மேல் காகிதத்தை ஒட்டி, அதில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். சில மாதங்களில் பேட்டரி இறங்க ஆரம்பித்து, கடிகாரம் மெதுவாக ஓடியது. பேட்டரி வாங்குவது யாருடைய வாரத்தில் என்று முடிவாகாததால் யாரும் வாங்கவில்லை. சம்பவ தினத்தன்று அது பன்னிரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. ஒல்லி அதைச் சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்து கொடுக்க, இப்போது துணியில் சுற்றி இந்த மேசையின் மேல் வைத்திருக்கிறார்கள். ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. தயவு செய்து அதை வேறு அறையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று ஐயா சொல்கிறார்.

இனி முதல் பொய். சம்பவத்துக்கு முந்தைய வாரம் ஒல்லியின் வாரம். அந்த வாரத்தில் தகட்டின் பின்னால் இருக்கும் சுவிட்ச் கெட்டு, யார் கையும் படாமலே ரோலர் அடிக்கடி நின்றிருக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவன் செலவு. ஆகவே தகடு அசையாதபடி ஒரு மெல்லிய கம்பியால் கட்டிவிட்டு, ஞாயிறன்று ஒன்றும் தெரியாதவன் போல என் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இதுவரை முதல் வாக்குமூலத்தில் நான் சொன்னது உண்மை. அந்தக் கம்பியைப் பற்றி விபத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும் என்று சொன்னது பொய்.

திங்கட்கிழமை காலை எண்ணெய் போடக் குனிந்தபோதே கம்பியைப் பார்த்துவிட்டேன். எத்தனை தடவை இவன் என் தலையில் கட்டுவான், இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். அவன் கட்டிய கம்பியை அவன் வாரத்திலேயே அவன் அவிழ்க்கட்டும், அதுவரை அப்படியே ஓடட்டும். ஞாயிறு சாவி கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கம்பியை வெட்டிவிட்டுக் கொடுத்தால், அவன் வாரத்தில் ரோலர் படுத்துக்கொள்ளும், அவன் மெக்கானிக்கைத் தேடி அலைவான். இதை நினைத்து அன்று முழுவதும் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ரோலரின் வாயில் தினமும் கையை நீட்டுகிறவள் யார் என்பது என் நினைவிலேயே இல்லை. நினைவில் இருந்தது, ஆனால் ஆறு நாள்தானே என்று நினைத்தேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை அக்கா என்னிடம் வந்து, தகடு தள்ளினால் நிற்கவில்லை என்று சொன்னாள். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னாள். நான் சொன்னது: "ஞாயித்துக்கிழமை உன் தம்பி வரட்டும்க்கா. அவன் வாரத்துல அவன் பாத்துப்பான்." அதற்கு அவள், "உங்க ரெண்டு பேருக்கும்தான்டா வாரம் மாறுது. எனக்கு ஒரே கைதானே" என்று சொல்லிவிட்டு, விரிப்பை உதறி ரோலரில் கொடுக்கப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்கு உறைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒல்லி கட்டியிருந்த கம்பி தளர்ந்து, ரோலர் மூன்று தடவை நின்றது. அது போதும், ஐயா. இயந்திரமே என்னை நிறுத்திச் சொன்னது போலத்தான். நான் என்ன செய்தேன் என்றால், மேசை இழுப்பறையிலிருந்து தடித்த செம்புக் கம்பி எடுத்து, பழையதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, குறடால் முறுக்கிக் கட்டினேன். சம்பவ இடத்தில் காவல் துறை கைப்பற்றியிருக்கும் கம்பி ஒல்லி கட்டியது இல்லை. நான் கட்டியது. முறுக்கின முனையை உள்பக்கம் மடக்கிவிட்டிருப்பதைப் பாருங்கள், அது பாய்லர்காரன் கட்டு. பதினாறு வருடம் நான் எல்லாவற்றையும் அப்படித்தான் கட்டினேன். அதைப் பார்த்த உடனேயே ஒல்லிக்குத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு சம்பவ தினம், ஞாயிற்றுக்கிழமை. ஒரு விடுதியிலிருந்து அவசரம் என்று அறுபது விரிப்புகள் வந்திருந்தன. பன்னிரண்டுக்கு முன்னால் கட்டி ஏற்றிவிட்டால் அந்தப் பணம் என் வாரத்தில் சேரும். பிந்தினால் ஒல்லிக்குப் போகும். பதினொன்றரை மணிக்கு அக்கா கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாள். எல்லாம் முடிந்ததும் குடிக்கலாம், வேகமாகப் போடு என்று நான் சொன்னேன். அவள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி ரோலருக்குப் போனாள். ஒல்லி வழக்கம்போல் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு ஆகாமல் உள்ளே வரமாட்டான், வந்தால் என் வாரத்தில் எனக்கு ஒரு மூட்டை தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்குமே.

நான் கதவுப் பக்கம் இருந்த மேசையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் கூலியைக் கவரில் போட்டு மேல் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கடைசி ஏழு விரிப்புகள் பாக்கி. ஒரு விரிப்பின் ஓரம் மடிந்திருக்க, அதை நீவிவிட அக்கா உள்ளங்கையை வைத்தபோது, ஈரத் துணி மணிக்கட்டில் சுற்றி, ரோலர் துணியோடு சேர்த்துக் கையை இழுத்தது. தகடு அசையவில்லை. நான் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன். அதன் பிறகு நான் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஒல்லி ஓடி வந்து, ரோலரின் கைச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றி அவள் கையை எடுத்தான். அவனும் என்னைப் போலவே கத்தினான், அவனும் என்னைப் போலவே அழுதான். அதை மறைப்பது நியாயமில்லை. நாங்கள் இருவரும் அவளை அவன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இனி இரண்டாவது பொய். பன்னிரண்டு மணிக்குச் சாவியை ஒல்லியிடம் கொடுத்துவிட்டேன் என்றும், அவனை வெறும் கையால்தான் அடித்தேன் என்றும் முதலில் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாங்கள் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அக்காவின் விரல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் தாள்களோடு வெளியே வந்தபோது ஒல்லி எழுந்து போய், விபத்து நடந்த நேரம் என்ன என்று தாளில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். தம்பி கேட்கிற கேள்வியா அது? நான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவன் என் முகத்தைப் பார்த்து, மெல்லிய குரலில், "கடைக் கடிகாரத்துல பன்னெண்டு ஆகலடா. நான் பாத்துட்டேன்" என்றான். உடனே அடித்தேன். அவன் புருவத்துக்கு மேலே நாலு தையல் போட்டதாகச் சொல்கிறார்கள். அது கை பட்ட காயமில்லை. சாவிக் கொத்து பட்ட காயம். கடைச் சாவி அப்போதும் என் விரல்களுக்கு இடையில்தான் இருந்தது. ஆகவே அது என் வாரம். அவனை அடிக்க வேறு பொருள் தேடாமல், அதை நிரூபிக்கிற பொருளாலேயே அடித்திருக்கிறேன்.

அடித்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று ஐயா கேட்கிறார். இல்லை. அந்தக் கேள்வியை அவன் கேட்டதற்கு இன்னும் இரண்டு அடி பாக்கி இருக்கிறது. ஆனால் அடிக்கிற தகுதி எனக்கு இருந்ததா என்று கேட்டால், அதற்குத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மூன்றாவது பொய் நேரத்தைப் பற்றியது. விபத்து நடந்தபோது என் போனில் பன்னிரண்டு நான்கு, ஆகவே அது ஒல்லியின் வாரம், நஷ்டம் அவனைச் சேர்ந்தது என்று சொல்லியிருந்தேன். போனில் பன்னிரண்டு நான்கு என்பது உண்மை. கடைக் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்திரண்டு. வேறெந்த நேரமும் செல்லாது என்று எழுதிய காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டேதான் போன் நேரத்தைச் சொன்னேன்.

இன்று ஏன் வந்தாய் என்பதற்குச் சொல்வதாவது. நேற்று அக்காவைப் பார்க்கப் போனேன். ஒல்லியும் தலையில் கட்டோடு அங்கே நின்றிருந்தான். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் தன் வாரம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று அவனுக்குப் பயம், எனக்கும் அதே பயம். அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். எங்களை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு சொன்னாள்: "என் கை யார் வாரத்துல போச்சுன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்கடா. அந்த வாரக் கூலி எனக்கு இன்னும் வரல." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கூலிக் கவர் அப்போதும் என் வீட்டில், சம்பவத்தன்று போட்டிருந்த சட்டையின் பையில்தான் இருந்தது. ஐந்து நாளாக அதை நான் கொடுக்கவில்லை. மறந்துபோய் இல்லை. கொடுத்தால் அது என் வாரம் என்று ஆகிவிடும் என்பதால் கொடுக்கவில்லை. ஒல்லியைத் திருடன் என்று என் மனைவியிடமும், மெக்கானிக்கிடமும், உங்களிடமும் வாய் கிழியச் சொன்ன நான், மூன்று விரல் போனவளின் கூலியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தேன். ரத்தக் கறை பட்ட அதே கவரை இத்துடன் ஒப்படைக்கிறேன். பிரிக்கவில்லை. அக்காவிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள், என் கையால் வாங்க மாட்டாள்.

அந்த வாரத்தின் நஷ்டம் முழுவதும் என்னுடையது. ஆஸ்பத்திரிச் செலவு, வழக்குச் செலவு, அவள் கைக்கு நீதிமன்றம் என்ன சொல்கிறதோ அது, எல்லாம் என்னுடையது. என் பங்கை விற்று அதைக் கொடுப்பேன். இதைக் கேட்டால் ஒல்லி நிம்மதியாக மூச்சு விடுவான். விட வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். முதல் கம்பி அவன் கட்டியது. ஒன்றரை லட்சம் போட்டவளுக்கு லாபத்தில் ஒரு நாள் கொடுக்காமல் நஷ்டத்தில் மட்டும் மூன்று விரல் கொடுத்தது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து. இந்த மூன்று வருடத்தில் வாரம் பார்க்காமல் நாங்கள் ஒன்றாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இத்துடன் முடித்துக்கொள்ளலாமா என்று எழுத்தர் கேட்கிறார். இல்லை. எந்தத் தாளிலும் இல்லாத நான்காவது ஒன்று பாக்கி இருக்கிறது. மேலே, விபத்தைச் சொல்லும்போது, அதன் பிறகு மெயின் சுவிட்சை அணைத்தேன் என்று எழுதச் சொன்னேன். அந்த "அதன் பிறகு" என்ற இடத்தைத் திறந்து எழுத வேண்டும்.

கை எத்தனை விநாடி உள்ளே இருந்தது என்று டாக்டர் என்னிடம் கேட்டார். சூடான ரோலர் என்பதால் ஒவ்வொரு விநாடிக்கும் கணக்கு உண்டு என்றார். நான் உடனே அணைத்துவிட்டேன் என்று பதில் சொன்னேன். விபத்தின்போது ஒல்லி வாசலில் இருந்தான், அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், நான் சொன்னால்தான் யாருக்கும் தெரியும். சுவிட்ச் என்னிடமிருந்து நாலு எட்டு தூரம். அக்கா கத்தினாள். என் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். நான் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பத்திரண்டு. என் வாரம். அதன் பிறகு பையில் கையை விட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நான்கு. அதன் பிறகுதான் ஓடினேன்.

மேலே உள்ளவை என் வாயால் சொன்னவை. எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன், ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. அடியில் தேதியும் நேரமும் நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்கிறார்கள். தேதியை எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். நேரத்தை மட்டும் எழுத்தர் ஐயாவே பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

(ஒப்பம்)